இரண்டாவது சிலிண்டர்

கணவன் எறிந்த கார் சாவி அவள் தம்பியின் புருவத்தில் பட்டுத் தெறித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விழுந்தது. ஊறிக்கொண்டிருந்த தட்டுகளுக்கு அடியில் அது போய்ச் சேர்ந்த சத்தத்தைத் தவிர சமையலறையில் வேறு சத்தமில்லை. பிறகுதான் தம்பி கையை நெற்றிக்குக் கொண்டுபோனான். விரல்களைத் திருப்பிப் பார்த்தான். ரத்தத்தைக் கண்டதும் அவனுக்கே உரிய அந்த அசட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துத் தொலைக்காதேடா என்று அவள் மனதுக்குள் கத்தினாள். அதற்குள் அவள் கணவன் மேசையைச் சுற்றி வந்து, தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, சுவரோடு ஒரு மோது மோதினான். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"எந்தப் பள்ளத்துலடா எறக்கின?"

"நான் எங்கயும் எறக்கல மாமா. சத்தியமா."

"அப்ப வண்டி தானா நடுங்குதா? என்ன, குளிர் காய்ச்சலா அதுக்கு?"

அந்த வாடகைக் கார்தான் வீட்டுக்குச் சோறு. பகலில் கணவன் ஓட்டுவான். சாயங்காலம் ஆனதும் அவளுடைய தம்பி எடுத்துக்கொண்டு போவான். அன்று மதியம் ஒரு ஏற்றத்தில் கணவன் வண்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்திருக்கிறது. வண்டி உதறியது. இழுவை இல்லை. பின்சீட்டில் இருந்தவர் பாதி வழியில் இறங்கிக்கொண்டார். இறங்கினவர் சும்மா போகாமல், முதலில் வண்டியை ஒழுங்காக வைத்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைக்கு உரியதெல்லாம் இப்போது தம்பிக்கு வந்து விழுந்துகொண்டிருந்தது.

அவள் நடுவில் புகுந்தாள். ஓங்கிய கை அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் நின்றது. எப்போதும் அந்த இடத்தில்தான் நிற்கும்.

"ஏங்க, கொஞ்சம் பொறுங்க. எதனால நடுங்குதுன்னே இன்னும் தெரியல. நாளைக்கு எனக்கு லீவு. நான் பாத்துச் சொல்றேன்."

"நீ பாப்பியா?" அவன் மூச்சு வாங்கினான். "உன் தம்பி மேல தப்பில்லன்னு மிஷின் சொல்லட்டும், நான் இவன் கால்ல விழறேன். தப்பு இவன் மேலன்னு வந்துச்சு, இவன் கால ஒடைப்பேன். குறுக்க வரக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்று சொன்னது தம்பி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். அவள் தொட்டிக்குள் கையை விட்டுச் சாவியைத் தேடி எடுத்தாள். துணியால் துடைத்து ஜன்னலோரம் உலர வைத்தாள். அவன் சொன்னதைச் செய்கிறவன் என்று அவளுக்குத் தெரியும். வேகத்தில் பேசுகிறவர்கள் பலர் ஆறின பிறகு மறந்துவிடுவார்கள். இவன் ஆறின பிறகு உட்கார்ந்து யோசித்து, பேசினதை நிறைவேற்றுவான்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கணவன் நல்ல மனநிலையில் இருந்தால் அவளை 'டெஸ்ட்டு' என்றுதான் கூப்பிடுவான். டெஸ்ட்டு, டீ போடு. டெஸ்ட்டு, சட்டைப் பித்தான் எங்கே. அதில் ஒரு செல்லம் இருந்தது. அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. கல்யாணமான நாள் முதல் அவன் அவளை ஒரு தரம்கூடக் கைநீட்டி அடித்ததில்லை. அவள் வீட்டுச் சொந்தக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள்: கோபக்காரன்தான், ஆனால் பெண்டாட்டி மேல் ஒரு துரும்பு படவிட மாட்டான், இவள் கொடுத்து வைத்தவள். அவளும் அந்தப் பேச்சைக் கழுத்தில் நகை போட்டுக்கொள்வதுபோலப் போட்டுக்கொண்டுதான் இத்தனை வருடம் நடமாடினாள். மற்றவர்கள் வாங்கியதைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. வண்டியை உரசினான் என்று ஒரு சைக்கிள்காரனின் பல் போனது. கதவை ஓங்கிச் சாத்தினான் என்று ஒரு பயணியின் சட்டைக் கழுத்து கிழிந்தது. அவனுடைய சொந்த அண்ணன், பேச்சு வார்த்தை முற்றி, மாடிப்படியில் உருண்டு தோள்பட்டை நழுவியவர், இன்றுவரை இந்த வாசலை மிதிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் பின்னாலேயே போய்ப் பஞ்சு வைப்பாள், பழம் வாங்கிக் கொடுப்பாள், "மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாருங்க" என்று சொல்லிவிட்டு வருவாள். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவள் வாயில் வழவழப்பாகிவிட்டிருந்தது.

இரண்டு தெரு தள்ளியிருந்த ஒர்க்‌ஷாப்புக்காரரிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட தலையோடு அவர் படுத்திருந்தபோது. வண்டியில் எண்ணெய் ஒழுகுகிறது என்று போன கணவன், ஜாக்கிக் கம்பியால் அவர் காதோரம் அடித்துவிட்டு வந்திருந்தான். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் எந்த மெக்கானிக்கும் இந்த வண்டியைத் தொடுவதில்லை. எது கெட்டாலும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாவி எறிந்த அன்று சாயங்காலம் அவள் அவரிடமே போய் நின்றாள். அவர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபத்தில்தான் திருப்புகிறார் என்று முதலில் நினைத்துவிட்டாள். கேட்கிற காதை அவள் பக்கம் காட்டுகிறார் என்று புரிந்தபோது வெட்கமாக இருந்தது.

"உங்க வீட்டு வண்டிய நான் தொட மாட்டேம்மா."

"தொட வேணாண்ணே. கோளாறு நம்பர் காட்டற அந்தக் கோடு பொட்டிய மட்டும் ஒரு நாள் குடுங்க. நானே பாத்துக்கறேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். யாருக்கு அடி விழுந்தது என்று கேட்டார். தம்பிக்கு என்றாள். அவர் உள்ளே போய், உள்ளங்கை அளவு இருந்த அந்தப் பெட்டியை வயரோடு கொண்டுவந்து கொடுத்தார். எங்கே சொருகுவது, எந்தப் பித்தானை அமுக்குவது என்று சொல்லிக் கொடுத்தார். பெட்டி சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்றார்.

"கோடு எடத்த மட்டுந்தான் சொல்லும். காரணத்தச் சொல்லாது. ரெண்டாவது சிலிண்டர்ல நெருப்பு பத்தலன்னு வருதுன்னு வெச்சுக்க. பிளக்கா இருக்கலாம், பிளக்குக்குப் பொறி குடுக்கற காயிலா இருக்கலாம், இன்ஜினே உள்ள போயிருக்கலாம். ரெண்டுல இருக்கற காயில கழட்டி மூணுல போடு, மூணுல இருக்கறத ரெண்டுல போடு. திரும்ப ஓட்டிப் பாரு. கோடும் கூடவே மூணுக்குப் போச்சுன்னா காயில்தான் திருடன். அதே எடத்துல நின்னுச்சுன்னா காயில் பாவம், வேற எங்கயோ கோளாறு."

இது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. அவளுடைய கூடத்திலும் அப்படித்தான். ஒரு ரத்த மாதிரி தாறுமாறான எண்ணைக் காட்டினால் அதே மாதிரியை வேறு மிஷினில் ஓட்டுவார்கள். எண் கூடவே வந்தால் நோய், வராவிட்டால் மிஷின். ஒரு தடவை வந்த எண்ணை யாரும் ரிசல்ட் என்று சொல்வதில்லை.

"ஷெட்டுக்குள்ள வெச்சு ஓட விடாத, பொகையில மயங்கிப் போயிடுவீங்க. தெறந்த எடத்துல நிறுத்து. சக்கரத்துக்குக் கல்லு வை. இன்ஜின் நல்லா ஆறின பொறவுதான் கைய உள்ள விடணும். பேட்டரியில மைனஸ் வயர முதல்ல கழட்டிடு. துப்பட்டா, வளையல் ஒண்ணும் வேணாம், பெல்ட்டுல மாட்டிக்கும். விளக்கு விட்டு விட்டு எரிஞ்சா ரோட்டுக்கு எடுத்துட்டுப் போகாத." அவர் ஷட்டரில் கையை வைத்தபடி நின்றார். "இன்னொண்ணு. தப்பு உன் புருஷன் பக்கம்னு வந்துச்சுன்னா, அத அவன்கிட்ட சொல்லாத."

"ஏண்ணே?"

"அன்னிக்கு எண்ணெய் ஒழுகுனது, அவனே போல்ட்ட முறுக்கோ முறுக்குன்னு முறுக்கி மரையப் போக்கினதாலதான். நான் அதைச் சொன்னேன். வேற ஒரு வார்த்தை நான் பேசல."

அவர் காதைத் தொட்டுக் காட்டவில்லை. தொடத் தேவையும் இல்லை. வழியெல்லாம் அவள் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள்: இவர் வெளி ஆள், வெளி ஆள் சொன்னால் அவனுக்குச் சுரீர் என்று ஏறும், நான் சொன்னால் கேட்பான். உறுதியான ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரோடு யார் சண்டை போட முடியும்? இதை அவள் மனதார நம்பினாள். பரிசோதனைக் கூடத்தில் ஆயுளைக் கழிக்கிறவர்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது.

காலையில் வண்டியை ஷெட்டிலிருந்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாசல் கேட்டை நோக்கி மேடாக ஏறும். வண்டி பின்னால் உருளாமல் இருக்கப் பின்சக்கரங்களுக்குச் செங்கல் வைத்தாள். கேட்டையும் முழுசாகத் திறந்து போட்டாள், காற்று போகட்டும் என்று. கொண்டையை இறுக்கிக் கட்டி, வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். கணவன் படிக்கட்டில் டீ டம்ளரோடு உட்கார்ந்து, சினிமா பார்க்க வந்தவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தான். தம்பி புருவத்தில் பிளாஸ்திரியோடு டார்ச் பிடிக்க நின்றான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சொருகியில் பெட்டியின் வயரைச் சொருகி, சாவியைத் திருப்பினாள். பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. பி-0302. இரண்டாவது சிலிண்டர் பற்றவில்லை.

"பாத்தியா!" கணவன் டம்ளரைப் படியில் வைத்தான். "நான் நேத்தே சொன்னனே. இன்ஜினையே தின்னுட்டான்."

"இது எடந்தாங்க. காரணம் இல்ல. இன்னும் முடியல."

அவள் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். சாவியை எடுத்து, பேட்டரி வயரைக் கழற்றினாள். இன்ஜின் மேல் மூடியை எடுத்தபோது நான்கு காயில்களும் வரிசையாக, கறுப்புத் தொப்பி போட்ட விரல்களாக நின்றன. போல்ட்டைக் கழற்றி, வயரைப் பிடித்து இழுக்காமல், தலையை மட்டும் பிடித்து மெல்லத் திருகி, இரண்டாவதை உருவினாள். துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தில் கை நின்றுவிட்டது.

தொப்பியின் ஓரத்தில் ஒரு வெட்டு. இரும்பு பட்ட பள்ளம். அதிலிருந்து கீழ்நோக்கி, மயிரிழை போல, ஒரு விரிசல் ஓடியது.

அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. போன மாதம் அவன்தான் பிளக் மாற்றினான். ஒரு காயில் உள்ளே சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவன் அதனுடைய அம்மாவிலிருந்து ஆரம்பித்துத் திட்டிக்கொண்டே வீல் ஸ்பேனரால் தட்டிய சத்தம் சமையலறைவரை கேட்டது. தட்டினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. தம்பி அந்த வாரம் முழுக்க வெளியூரில் இருந்தான். விரிசல் அன்றிலிருந்து மெல்ல மெல்ல வளர்ந்து, நேற்று ஏற்றத்தில் கைவிட்டிருக்கிறது.

தலையைத் தூக்கினால் தம்பியின் முகம். டார்ச் வெளிச்சம் நேராக அந்தப் பள்ளத்தின் மேல் நின்றது. அவனும் பார்த்துவிட்டான். அவள் கண்ணை அகல விரித்துத் தலையை மட்டும் மிகச் சிறிதாக ஆட்டினாள், வேண்டாம் என்று. சின்ன வயதில் அப்பா முன்னால் ஆட்டுவாளே, அதே ஆட்டல். தம்பி டார்ச்சை நகர்த்திக்கொண்டான்.

அவள் காயில்களை இடம் மாற்றிப் போட்டு, போல்ட்டை அளவாக இறுக்கி, பேட்டரி வயரை மாட்டினாள். பெட்டியில் பழைய எண்ணை அழித்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தாள். வண்டி நின்ற இடத்தில் நின்று உதறியது. கண்ணாடியில் தொங்கிய பொம்மை ஆடியது. மடியிலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு என்று வரட்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். காயிலில் தப்பில்லை என்று ஆகிவிட்டால் அந்தப் பள்ளத்தைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. ஆனால் இரண்டு என்று வந்தால் தம்பியின் கால். பெட்டி மினுக்கியது. பி-0303.

"என்ன வந்துச்சு?" படியிலிருந்து குரல்.

"மூணு. காயில்தான் போயிருக்கு." அவள் இன்ஜினை அணைத்தாள். "பழசாயிடுச்சுங்க. யார் மேலயும் தப்பில்ல."

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு ரிசல்ட்டைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. பெரிய மனிதர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள். அசைந்ததில்லை. இன்று சொந்த வாசலில், யாரும் கேட்காமலேயே மாற்றிச் சொன்னாள். அது அத்தனை சுலபமாக வந்ததுதான் அவளுக்கு வலித்தது. வருடக்கணக்காகப் பழகின மாதிரி வந்தது.

கணவன் எழுந்து வந்தான். முகம் தெளிந்திருந்தது. "காயிலா? அட, அவ்வளவுதானா! நான் என்னமோ இன்ஜினே போச்சுன்னு..." என்று சொல்லிச் சிரித்து, தம்பியின் முதுகில் ஒன்று வைத்தான். சிநேகமாக வைத்ததுதான், தம்பி ஓரடி முன்னால் தள்ளாடினான். காலில் விழும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இதோடு முடிந்தது. பானெட்டை மூடிவிட்டு உள்ளே போய்ச் சோறு வடிக்கலாம். அப்படியே போயிருக்கலாம்.

ஆனால் பெட்டியில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'இன்னும் உறுதியாகவில்லை' என்ற குறி நின்றது. அணைத்துவிட்டு மறுபடி ஒருமுறை ஓட்டினால்தான் உறுதியாகும். அவளால் அதை அப்படியே விட முடியவில்லை. பொய் சொன்னவளுக்கு, பொய்க்கு அடியில் இருக்கிற மெய்யாவது சரியாக இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்ததோ என்னவோ. "ஒரே ஒரு தடவ. நிச்சயம் பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

பானெட் தூக்கியிருந்ததால் முன்கண்ணாடி முழுக்க இரும்புதான் தெரிந்தது. அடியில் ஒரு விரற்கடை இடுக்கு. அதில் தம்பியின் சட்டை கொஞ்சம். இன்ஜின் உதறலுக்கு மேலாகக் குரல்கள் வந்தன.

"ஆனா ஒண்ணு மாப்ள, நீயும் பாத்து ஓட்டணும். உன் கை பட்ட எதுதான் வெளங்கியிருக்கு?"

இடுக்கில் தெரிந்த தம்பியின் சட்டை இன்ஜின் பக்கம் குனிந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "டேய், உள்ள போய்க் கை கழுவு" என்றாள்.

"இரு அக்கா. மாமா, இங்க கொஞ்சம் வாங்களேன். இந்த மூணாவது காயில் தலையில ஒரு பள்ளம் இருக்குது பாருங்க."

"என்னடா பள்ளம்?"

"வீல் ஸ்பேனர் பட்ட தழும்பு. பிளக் மாத்தினப்போ நான் ஊர்லயே இல்ல மாமா."

அவள் கையில் பெட்டி மினுக்கியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"கால்ல எல்லாம் விழ வேணாம் மாமா," தம்பியின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "தப்பு எம்மேல இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்கு அது போதும்."

பானெட்டைத் தாங்கியிருந்த கம்பி கழன்ற சத்தம் கேட்டது. அவள் கண் முன்னால் இருந்த இரும்புச் சுவர் அப்படியே கீழே இறங்கியது. அது இறங்கியதும் அதற்குப் பின்னால் கணவனின் முகம் வந்தது. இரண்டு கையையும் பானெட் மேல் ஊன்றி, முழு எடையையும் போட்டு அழுத்திக்கொண்டிருந்தான். முகத்தில் கோபம்கூட இல்லை. இறுகிப்போன ஒரு போல்ட்டை முறுக்குகிறவனின் கவனம் மட்டும் இருந்தது. பக்கத்தில் தம்பி பானெட்டின் விளிம்போடு வளைந்து நின்றான். அவனுடைய வலது கை உள்ளே இருந்தது. பானெட் முழுசாக மூடவில்லை. நான்கு விரல் கனத்துக்குத் திறந்திருந்தது. தம்பியின் வாய் திறந்திருந்தது. சத்தம் ஒரு நொடி கழித்துத்தான் வந்தது. மனிதக் குரல் என்றே தோன்றவில்லை.

"விடுங்க! கை! கை!" அவள் கத்தினாள். அவன் விடவில்லை. எடையை ஒருமுறை தூக்கி மறுபடி போட்டான். அவள் காலால் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தாள். இன்ஜின் அவன் நெஞ்சுக்குக் கீழே அலறியது. வண்டி மொத்தமும் குலுங்கியது. அவன் பயந்து பின்னால் துள்ளினான். தம்பி பானெட்டை இடக்கையால் தூக்கி, வலக்கையை உருவினான். அது கையாக இல்லை. இரண்டு விரல்கள் தவறான திசையில் நின்றன. ரத்தம் முழங்கைவரை ஓடி, சட்டையில் இறங்கியது. அவள் எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "ஏறு. ஏறுடா!" அவன் சீட்டில் ஏறினான் என்பதைவிட விழுந்தான் என்று சொல்லலாம். அவள் சீட்டின் மேலிருந்த துண்டை அவன் கையைச் சுற்றி இறுக்கினாள். கதவுகளைப் பூட்டினாள். அக்கா, அக்கா என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான்.

கணவன் வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். பாதி மூடிக் கிடந்த பானெட்டைப் பார்த்தான். பழக்கம் விடவில்லை, ஒரு தட்டுத் தட்டிச் சரியாக மூடினான். பிறகு தன் கையைப் பார்த்தான். உதடு நடுங்க ஆரம்பித்தது. அவளுக்கு இதுவும் தெரிந்ததுதான், அடுத்தது அழுகை.

"எறங்கு. நான் ஓட்டறேன். நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். எறங்கு டெஸ்ட்டு."

அவள் தம்பியின் கையில் துண்டை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

"வண்டி உதறுது பாரு, நீ ஓட்டினா நடு ரோட்ல நின்னுடும்." அவன் அழுதுகொண்டே பானெட்டில் உள்ளங்கைகளை வைத்தான். "ஏதோ கோவத்துல... இங்க பாரு. உன்ன நான் என்னிக்காவது தொட்டிருக்கேனா? சொல்லு. தொட்டிருக்கேனா?"

தொட்டதில்லை. அது உண்மை. அந்த உண்மைக்கு இன்னொரு பக்கம் இருந்ததை அவள் இப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். அவளுக்கு விழ வேண்டியதெல்லாம் வேறு வேறு ஆட்கள் மேல் போய் விழுந்திருந்தது. ஆள் மாறியது, இடம் மாறியது. கோளாறு அவனோடு கூடவே போனது. ஒர்க்‌ஷாப்புக்காரரின் காது, அண்ணனின் தோள், இப்போது இவன் கை. ஒவ்வொரு தடவையும் அவள் பஞ்சோடு போய் நின்று, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உள்ளுக்குள் நிம்மதிப்பட்டிருக்கிறாள். அவன் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. பக்கத்தில் துண்டிலிருந்து சொட்டிய ரத்தம் சீட்டில் தேங்கத் தொடங்கியிருந்தது.

"அவரு நகர மாட்டாரு அக்கா," என்றான் தம்பி. "எனக்குக் கண்ண இருட்டுது."

அவள் கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டாள். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். வண்டி மூன்று சிலிண்டரில் திணறிக்கொண்டு ஓரடி நகர்ந்தது. பம்பர் அவன் முட்டியைத் தொட்டது. அவன் நம்பவில்லை, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான், மாட்டே, நீ மாட்டே என்பதுபோல. அவள் கிளட்சை இன்னும் கொஞ்சம் விட்டாள். அவன் ஓரடி பின்னால் வைத்தான். பிறகு இன்னொரு அடி. உள்ளங்கைகளை எடுக்காமல், வண்டியைத் தள்ளி நிறுத்திவிட முடியும் என்பதுபோல முதுகை வளைத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் பின்னோக்கி நடந்தான். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. யாரோ ஒரு பெண் "ஐயையோ" என்றாள். யாரும் கிட்டே வரவில்லை.

"நிறுத்துடி!" அவன் பானெட்டில் ஓங்கிக் குத்தினான். அவள் நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை. நடை வேகத்திலேயே ஓட்டினாள். அவன் விலக ஒரு எட்டு போதும். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரே ஒரு எட்டு. ஒரு கால் செருப்பு கழன்று சக்கரத்துக்கு அடியில் போனது. அவன் விலகவில்லை. அவள்தான் நிறுத்த வேண்டும், எப்போதும் அவள்தானே நடுவில் வந்து நிறுத்துகிறவள். தம்பியின் தலை அவள் தோளில் சரிந்தது. விளக்கு அவள் கண் முன்னால் மஞ்சளாக வெட்டிக்கொண்டே இருந்தது.

அவன் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் பின்னால் நடந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் தெரு முடிந்து பெரிய சாலை தெரிந்தது. ஒரு பஸ் குறுக்கே போனது. அதை ஒட்டியே ஒரு லாரி வந்தது. அவள் இரண்டையும் பார்த்தாள்.